தண்ணீருக்கு மட்டும் திறக்கும் கதவு

மலாக்காவின் ஜாசின், அலோர் காஜா, டுரியான் துங்கால் பக்கமுள்ள தாமான் எனும் வீடமைப்புப் பகுதிகளில் இரட்டை மாடி வரிசை வீடு வாங்கிக் குடியேறிய குடும்பங்கள் பல, இருபது முப்பது ஆண்டுகள் கழித்து ஒரே வேலையில் இறங்குகின்றன. அம்மாவுக்கு முழங்கால் வலி. அப்பாவுக்கு மாடிப்படி என்றால் பயம். குளியலறையோ மேலே. எனவே சமையலறைக்குப் பின்புறமோ மாடிப்படிக்கு அடியிலோ கீழ்த்தளத்தில் புதிதாக ஒரு குளியலறை கட்டியாக வேண்டும். டைல்ஸ் எந்த நிறம், ஷவர் எந்த மாதிரி, ஹீட்டர் எந்த பிராண்டு என்று வீடே கூடிப் பேசும். தரையில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு சல்லடை மூடி வருமே, அதைப் பற்றி மட்டும் யாரும் பேசுவதில்லை. குத்தகையாளரே ஒன்றை வாங்கி வந்து பதித்துவிடுவார்.

அந்த அறையில் இருப்பதிலேயே மிக நுட்பமான பொருள் அந்தச் சல்லடைக்குக் கீழேதான் இருக்கிறது. அதில் அசையும் பாகம் ஒன்றுகூட இல்லை. மின்சாரம் வேண்டாம். ஆனாலும் உள்ளிருக்கும் தண்ணீரை வெளியே விட்டு, வெளியிலிருக்கும் நச்சுக்காற்றை உள்ளே விடாமல் இரவு பகலாகக் காவல் நிற்கிறது. அதைச் சரியாக வைக்கக் கான்கிரீட்டை வெட்ட வேண்டும், மண்ணைத் தோண்ட வேண்டும், மில்லிமீட்டர் கணக்கில் சரிவு பார்க்க வேண்டும், தரைக்குக் கீழே கண்ணுக்குத் தெரியாத இன்னொரு தரையும் போட வேண்டும்.

இதே வேலையைப் பூமியின் மறுபக்கத்தில் இன்னும் ஆழத்தில் செய்கிறார்கள். டொராண்டோவின் ஸ்கார்பரோவில் குடியேறிய ஈழத்தமிழர் பலருக்குக் கனடா வாழ்க்கை பேஸ்மெண்டில்தான் தொடங்கியது. நிலத்துக்குக் கீழே அமைந்த அந்த அறைகளுக்கு மூல காரணம் குளிர். பனிக்காலத்தில் மண்ணிலுள்ள ஈரம் உறைகிறது. உறையும் தண்ணீரின் பருமன் சுமார் 9 விழுக்காடு கூடுகிறது. அந்த வீக்கத்துக்கு ஒரு வீட்டையே மேலே நெம்பிவிடும் வலு உண்டு. ஆகவே உறைபனி எட்டாத ஆழத்துக்கு, டொராண்டோவில் ஏறத்தாழ 1.2 மீட்டருக்கு, அஸ்திவாரம் இறங்கியே ஆக வேண்டும். அவ்வளவு தோண்டியவர்கள் இன்னும் கொஞ்சம் தோண்டினால் ஒரு தளமே கூடுதலாகக் கிடைத்துவிடும். மலாக்காவில் மண் உறைவதே இல்லை. கடலோரத்தில் கொஞ்சம் தோண்டினாலே தண்ணீர் ஊறும். அதனால் இங்கே வீடுகள் நிலத்தின் மேலேயே கான்கிரீட் பலகை போட்டு எழுகின்றன. ஆனால் குழாய் வேலை செய்பவருக்கு டொராண்டோ பேஸ்மெண்டும் ஜாசின் கீழ்த்தளமும் ஒன்றுதான். இரண்டிலும் அவர் நிற்பது வீட்டின் கடைசித் தரையில். அடியில் மண். குழாயைத் தொங்கவிடக் கீழே ஒரு கூரை கிடையாது.

முதலில் வெட்டு. தரைக்குள் பி.ஆர்.சி. என்று எல்லாரும் சொல்லும் கம்பி வலை படிந்திருக்கும். வட்ட ரம்பம் அதையும் சேர்த்து அறுக்கிறது. அதற்குக் கீழே மண்ணைத் தொட்டவுடன் நம் நாட்டில் வழக்கமான ஒரு சிக்கல் வருகிறது. வீடு கட்டும்போது அந்த மண்ணில் கறையான் மருந்து ஊற்றியிருப்பார்கள். பள்ளம் தோண்டினால் அந்த மருந்து வேலியில் ஓர் ஓட்டை விழுகிறது. குழாயை வைத்து மூடும் முன் அந்த இடத்துக்கு மறுபடியும் மருந்து கொடுக்காவிட்டால், குழாயை ஒட்டியே கறையான் வீட்டுக்குள் ஏறி வரும். குழாய்க்கு அடியில் மணல் மெத்தையும் வேண்டும். கடலோர மலாக்காவின் களிமண் ஆண்டுக்கணக்கில் மெல்ல அமுங்கக் கூடியது. கல்லின் மேல் நேராகப் படுத்த பிளாஸ்டிக் குழாய், மண் அமுங்கும்போது அந்தக் கல்லிலேயே முறிந்துவிடும்.

அடுத்தது சரிவு. குளித்த தண்ணீரைத் தள்ளி அனுப்ப அங்கே எந்த இயந்திரமும் இல்லை. புவியீர்ப்பு ஒன்றுதான் வேலையாள். அந்த வேலையாளுக்கு எவ்வளவு இறக்கம் வேண்டும்? இத்தகைய சிறு குழாய்களுக்கு உலகம் முழுவதும் வழங்கும் கணக்கு, 50 அடி ஓடினால் ஏறத்தாழ 1 அடி இறக்கம். அப்படிப் படுத்த 50 மில்லிமீட்டர் குழாயில் தண்ணீர் பாதியளவு நிறைந்து ஓடும்போது அதன் வேகம் நொடிக்குச் சுமார் முக்கால் மீட்டர். நாம் ஆற அமர நடக்கும் வேகத்தைவிடக் குறைவு. ஆனால் முடியையும் மணலையும் சோப்பு அழுக்கையும் தங்கவிடாமல் இழுத்துப்போக அது போதும். அந்த வேகத்தில் அந்தக் குழாய் நிமிடத்துக்கு 45 லிட்டர் வரை வெளியேற்றும். ஒரு ஷவர் தருவது நிமிடத்துக்கு 9 லிட்டர் அளவுதான். ஐந்து பேர் ஐந்து ஷவரில் ஒரே நேரத்தில் குளித்தாலும் குழாய் தாங்கும்.

அவ்வளவு வசதி எதற்கு? நாம் குளிக்கும் முறை அப்படி. ஷவரில் மட்டும் குளிப்பவர்கள் அல்லர் நாம். கடைசியில் மிச்சமிருக்கும் ஒரு வாளித் தண்ணீரை அப்படியே தரையில் சாய்த்து அறையைக் கழுவி விடுவோம். 15 லிட்டர் மூன்றே நொடியில் கொட்டுகிறது. எந்தக் குழாயும் அதை அதே வேகத்தில் விழுங்காது. அந்த நேரத்தில் சரிந்த தரையே ஒரு குளமாக மாறித் தண்ணீரைத் தாங்கிப் பிடித்து, குழாய் விழுங்கும் வேகத்தில் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுக்கிறது. தரையையும் குழாயையும் சேர்த்து ஒரே கருவியாகத்தான் கணக்கிட வேண்டும்.

நம் தலையில் தேய்க்கும் எண்ணெய்க்கும் இந்தக் கணக்கில் பங்கு உண்டு. தேங்காய் எண்ணெய் உறையும் வெப்பநிலை சுமார் 24 பாகை செல்சியஸ். மலாக்காவில் குழாய்த் தண்ணீரே பெரும்பாலும் அதைவிடச் சூடு; எண்ணெய் திரவமாகவே ஓடிவிடும். டொராண்டோ குளிர்காலத்தில் பேஸ்மெண்ட் தரைக்குக் கீழே படுத்திருக்கும் குழாயில் அதே எண்ணெய் வெண்ணிறக் கட்டியாகி முடியோடு பின்னிக்கொள்ளும். ஒரே தீபாவளி எண்ணெய்க் குளியல், இரண்டு ஊரில் இரண்டு விளைவு.

இப்போது சல்லடைக்கு நேர் கீழே வருவோம். வேலைக்காரர்கள் ‘புளோர் டிராப்’ என்று சொல்லும் கிண்ணம் போன்ற வளைவு அங்கே இருக்கிறது. குளித்து முடித்த பின் தண்ணீர் முழுவதும் போய்விட்டது என்று நினைக்கிறோம். போகவில்லை. கடைசியில் வந்த தண்ணீர் அந்த வளைவிலேயே தங்கிவிடுகிறது. குழாய் கீழே இறங்கி மீண்டும் மேலேறி அதன் பிறகே வெளியே போவதால், நடுவில் எப்போதும் ஒரு குட்டை நிற்கும். இந்தத் தேங்கிய நீரை நீர்ப்பூட்டு என்போம். அதன் ஆழம் வழக்கமாக 50 மில்லிமீட்டர். இரண்டு விரற்கடைக்குச் சற்று மேல். மேலிருந்து புதிய தண்ணீர் விழுந்தால் பழைய தண்ணீர் மறுபக்கம் வழிந்து வெளியேறும். வந்ததில் ஒரு பகுதி புதிய பூட்டாக நிற்கும். ஒவ்வொரு குளியலும் பூட்டை மாற்றிவிட்டுப் போகிறது.

அந்தப் பூட்டுக்கு அப்பால் இருப்பது கழிவுநீரின் உலகம். அங்கே நுண்ணுயிர்கள் கழிவைச் சிதைத்து மீத்தேன், அம்மோனியா, ஹைட்ரஜன் சல்ஃபைடு ஆகியவற்றை உண்டாக்கிக்கொண்டே இருக்கின்றன. அழுகிய முட்டை நாற்றமடிக்கும் ஹைட்ரஜன் சல்ஃபைடு, காற்றின் நூறு கோடிப் பங்கில் ஒரு சில பங்கு இருந்தாலே நம் மூக்கு கண்டுபிடித்துவிடும். பத்து லட்சத்தில் 100 பங்கை நெருங்கினால் அதே வாயு மோப்ப நரம்பை மரத்துப்போகச் செய்கிறது. நாற்றம் நின்றுவிட்டதாகத் தோன்றும். ஆபத்தோ அப்போதுதான் உச்சத்தில் இருக்கும். மேன்ஹோலுக்குள் இறங்கும் தொழிலாளர்கள் முன்னறிவிப்பே இல்லாமல் மயங்கி விழுவது இதனால்தான். வீட்டுக் குளியலறையில் அந்த அளவு சேராது. ஆனால் அந்த உலகத்துக்கும் அம்மா குளிக்கும் அறைக்கும் இடையில் நிற்பது இரண்டு விரற்கடைத் தண்ணீர் மட்டும்தான்.

குழாயை வளைத்து நீர்ப்பூட்டு அமைக்கும் யோசனைக்கு 1775இல் காப்புரிமை பெற்றவர் அலெக்சாண்டர் கம்மிங். ஸ்காட்லாந்தில் பிறந்து லண்டனில் கடிகாரம் செய்தவர். பற்சக்கரமும் சுருள்வில்லுமாக வாழ்ந்த மனிதர், கழிப்பறை நாற்றத்தைத் தடுக்க எந்தச் சக்கரமும் இல்லாத ஒரு வளைவைத் தேர்ந்தெடுத்தது எனக்கு எப்போதும் வியப்பு. அதற்கு 179 ஆண்டுகள் முன்னரே, 1596இல், சர் ஜான் ஹாரிங்டன் என்ற ஆங்கிலேயர் தண்ணீர் ஊற்றிக் கழுவும் கழிப்பறையை விவரித்திருந்தார். அதில் இந்த வளைவு இல்லை. கழிவு கீழே போன வழியாகவே நாற்றம் மேலே வந்தது.

ஆனால் தண்ணீர்ப் பூட்டு மென்மையான பூட்டு. 50 மில்லிமீட்டர் உயரத் தண்ணீர் தாங்கும் அழுத்தம், காற்றழுத்தத்தில் 200இல் ஒரு பங்குதான். இது எவ்வளவு சிறியது என்பதை மலாக்காவிலேயே உணரலாம். மெனாரா தாமிங் சாரி கோபுரத்தின் சுழலும் கூண்டு 80 மீட்டர் உயரம் வரை ஏறும். அதில் பாதி தூரம் ஏறியதும் நம்மைச் சுற்றியுள்ள காற்றழுத்தம் குறைந்திருக்குமே, காது கூடச் சரியாக உணராத அந்தச் சிறு வேறுபாடு குழாயின் கழிவுப் பக்கத்தில் ஏற்பட்டால் போதும். பூட்டு உறிஞ்சப்பட்டுக் காலியாகிவிடும்.

அந்த உறிஞ்சல் எங்கிருந்து வருகிறது? மாடியில் யாரோ கழிப்பறையில் தண்ணீர் விடுகிறார்கள். பெருகிய தண்ணீர் குழாயை அடைத்துக்கொண்டு கீழே பாய்கிறது. பாயும்போது தனக்குப் பின்னால் காற்றை இழுக்கிறது. காற்று வர வேறு வழி இல்லையென்றால், அருகிலுள்ள டிராப் தண்ணீரையே இழுத்துக்கொண்டு போகும். சைஃபன் என்பது இதுதான். இதில் காற்றின் பங்கைச் சாப்பாட்டு மேசையிலேயே சோதிக்கலாம். ஸ்ட்ராவைத் தண்ணீரில் விட்டு மேல்வாயை விரலால் மூடித் தூக்குங்கள், தண்ணீர் விழாது. விரலை எடுங்கள், விழுந்துவிடும். குழாய்க்கும் அப்படி ஒரு திறந்த மேல்வாய் வேண்டும். கூரைக்கு மேல் நீட்டிக்கொண்டு, எதையும் சுமக்காமல், வெறுமனே நிற்கும் ஒரு குழாயைத் தாமான் வீடுகளில் பார்த்திருப்பீர்கள். அது காற்றுக்குழாய். கழிவுநீர் ஓடும்போது வேண்டிய காற்றை வானத்திலிருந்து கொடுத்து, உள்ளே உள்ள ஒவ்வொரு நீர்ப்பூட்டையும் காப்பாற்றுவது அதன் வேலை.

இதற்குள் ஓர் அழகான வடிவக்கணக்கு மறைந்திருக்கிறது. டிராப்பிலிருந்து காற்றுக்குழாய் சேரும் இடம் வரை குழாய் இறங்கும் மொத்த உயரம், அந்தக் குழாயின் விட்டத்தைத் தாண்டக் கூடாது. தாண்டினால் அதன் மறுமுனையின் மேல்விளிம்பே டிராப்பின் வழிவாயைவிடக் கீழே போய்விடும். குழாயின் மேற்பகுதி வழியாகக் காற்று திரும்பி வர முடியாது. 50 மில்லிமீட்டர் குழாய், 50க்கு 1 சரிவு என்றால் அந்தத் தூரம் 2.5 மீட்டர். “சரிவு கூடினால் தண்ணீர் நன்றாகப் போகுமே” என்று குழாயைச் செங்குத்தாகச் சாய்ப்பவர், தெரியாமலே இந்தத் தூரத்தைச் சுருக்கிவிடுகிறார். நாற்றம் வரும் குளியலறைகள் பலவற்றில் குற்றம் மருந்து ஊற்றிக் கழுவாததில் இல்லை; மண்ணுக்குள் புதைந்த இந்தக் கணக்கில் இருக்கிறது.

பூட்டைத் திறக்கும் இன்னொரு திருடன் தலைமுடி. முடிக்கொத்தின் ஒரு முனை டிராப் தண்ணீரிலும் மறுமுனை வழிவாயைத் தாண்டியும் தொங்கினால், விளக்குத் திரி எண்ணெயை ஏற்றும் அதே நுண்புழை விசையால் தண்ணீர் முடி வழியே ஏறி மறுபக்கம் சொட்டத் தொடங்கும். சொட்டுச் சொட்டாக, யாரும் அறியாமல், குட்டை வற்றிவிடும்.

பிறகு ஆவியாதல். யாரும் பயன்படுத்தாத குளியலறையில் நீர்ப்பூட்டு வாரத்துக்குச் சில மில்லிமீட்டர் குறையும். விசிறியும் வெயிலும் சேர்ந்தால் இன்னும் வேகமாக. இந்தச் சிறிய விஷயம் எவ்வளவு பெரிதாக முடியும் என்பதை உலகம் 2003 மார்ச்சில் ஹாங்காங்கில் கண்டது.

அமோய் கார்டன்ஸ் என்ற அடுக்குமாடிக் குடியிருப்பு அது. ஒவ்வொரு கட்டடமும் 33 மாடி. சார்ஸ் நோய் கண்ட ஒருவர் உறவினரைப் பார்க்க ‘ஈ’ கட்டடத்துக்கு வந்தார். அவருக்கு வயிற்றுப்போக்கும் இருந்தது. சில நாட்களில் அந்தக் குடியிருப்பில் 300க்கும் மேற்பட்டோர் நோயில் விழுந்தார்கள்; 40க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். ஒருவரை ஒருவர் பார்த்தே இராத வெவ்வேறு மாடிக்காரர்களுக்கு நோய் எப்படிப் போனது? ஆராய்ந்தவர்களின் விரல் கடைசியில் குளியலறைத் தரையைச் சுட்டியது. அங்குள்ளவர்கள் தரையைத் தண்ணீர் ஊற்றிக் கழுவாமல் துடைப்பான் போட்டே துடைத்து வந்தார்கள். தரை டிராப்புகளுக்குத் தண்ணீரே போகவில்லை. பூட்டுகள் வற்றின. குளியலறையின் வெளியேற்று விசிறியை ஓடவிட்டபோது, அறைக்குள் குறைந்த காற்றழுத்தம் கழிவுக் குழாயிலிருந்த கிருமிச் சாரலை வற்றிய டிராப் வழியே மேலே இழுத்தது. சுத்தமாகத் துடைத்த தரைகள், காய்ந்துபோன வளைவுகள். வாரத்துக்கு ஒருமுறை ஒவ்வொரு தரை வடிகாலிலும் அரை லிட்டர் தண்ணீர் ஊற்றுங்கள் என்று ஹாங்காங் அரசு இன்றும் மக்களுக்குச் சொல்லிவருகிறது.

குளியலறையை நீர் வாரிக் கழுவும் நம் வீட்டுப் பழக்கம் தெரியாமலே அந்தப் பூட்டுக்குத் தண்ணீர் வார்த்து வந்திருக்கிறது. கட்டுநர்கள் இதற்கு இன்னொரு தந்திரமும் வைத்திருக்கிறார்கள். மலேசிய வீடுகள் பலவற்றில் முகம் கழுவும் பேசினின் குழாய் நேராகத் தரை டிராப்புக்குள் இறங்கும். குளிக்காத நாளிலும் யாராவது கை கழுவினால் போதும், பூட்டு நிரம்பிவிடும். புதிதாகக் கட்டுபவர்கள் இதைக் கேட்டு வாங்கிக்கொள்வது நல்லது. செலவு ஒரு துண்டுக் குழாய்தான். ஊருக்குப் போய் மாதக்கணக்கில் வீட்டைப் பூட்டுபவர்கள் டிராப்பை நிரப்பிவிட்டு அதன் மேல் ஒரு கரண்டி சமையல் எண்ணெய் விடலாம். எண்ணெய்ப் படலம் ஆவியாவதைத் தடுக்கும். கொசுவுக்கும் அது தடை. டெங்கி பரப்பும் ஏடிஸ் கொசுவுக்குத் தேங்கிய தெளிந்த நீர் ஒரு கைப்பிடி போதும். முட்டை கொசுவாகப் பறக்க ஒரு வாரம் பத்து நாள் ஆகும். தினமும் குளிக்கும் அறையில் தண்ணீர் மாறிக்கொண்டே இருப்பதால் அதற்கு அந்த அவகாசம் கிடைப்பதில்லை.

தண்ணீர் வடியும்போது சுழலுமே, வடகோளத்தில் இடப்பக்கம், தென்கோளத்தில் வலப்பக்கம் என்று பள்ளியில் யாராவது சொல்லியிருப்பார்கள். பூமி சுழல்வதன் தாக்கம் உண்மைதான். 1962இல் அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் ஆஷர் ஷபிரோ ஏறக்குறைய 1.8 மீட்டர் அகலத் தொட்டியில் தண்ணீரை 24 மணி நேரம் அசையாமல் வைத்துப் பிறகு வடித்தபோது, அது கடிகார முள்ளுக்கு எதிர்த்திசையில் சுழன்றது. 1965இல் சிட்னியில் வேறு ஆய்வாளர்கள் அதையே செய்தபோது எதிர்மாறாகச் சுழன்றது. ஆனால் அத்தனை பொறுமை இல்லாத நம் குளியலறையில் திசையைத் தீர்மானிப்பது தரையின் சரிவும் நாம் தண்ணீர் ஊற்றிய கோணமும்தான். அதிலும் மலாக்கா நிலநடுக்கோட்டிலிருந்து 2 பாகைக்குச் சற்றே வடக்கே. துருவத்தில் உள்ள விளைவில் 26இல் ஒரு பங்கு கூட இங்கே சரியாகத் தேறாது.

இனி அந்த மறைந்த தரை. டைல்ஸ் தண்ணீரைத் தடுக்கும் என்றுதான் எல்லாரும் நம்புகிறோம். டைல் தடுக்கும், டைல்களுக்கு இடையிலுள்ள பூச்சு தடுக்காது. சிமெண்டும் கான்கிரீட்டும் நுண்ணிய துளைகள் நிறைந்தவை. ஒவ்வொரு குளியலிலும் கொஞ்சம் தண்ணீர் டைலுக்கு அடியில் இறங்கத்தான் செய்கிறது. அதனால் டைலுக்குக் கீழே நீர்த்தடுப்புப் பூச்சு ஒன்று தரை முழுக்கப் பரவி, சுவரிலும் ஒரு சாண் அளவுக்காவது ஏறி நிற்க வேண்டும். இந்த இரண்டாவது தரையும் வடிகாலை நோக்கிச் சரிந்திருக்க வேண்டும் என்பதுதான் பலருக்கும் தெரியாத நுட்பம். சமதரையில் பூச்சு அடித்துவிட்டு மேலே மட்டும் சரிவு கொடுத்தால், இறங்கிய தண்ணீர் டைலுக்கு அடியில் குளமாகி நாறும். வட அமெரிக்க ஷவர் வடிகால்களில் இதற்கென்றே கழுத்தைச் சுற்றி அரிசி நுழையும் அளவுக்குச் சிறு துளைகள் வைத்திருக்கிறார்கள். மேல் சல்லடை வழியே கண்ணுக்குத் தெரியும் தண்ணீர் போகிறது. அந்தத் துளைகள் வழியே கண்ணுக்குத் தெரியாத தண்ணீர் போகிறது. ஒரே வடிகாலுக்கு இரண்டு வாய். வேலை செய்பவர் அவசரத்தில் சிமெண்டை அப்பி அந்தத் துளைகளை அடைத்துவிட்டால், இரண்டாவது வாய் பிறக்கும் முன்னரே மூடிவிடும்.

டைல் ஒட்டும் முன் ஒரு சோதனை உண்டு. வடிகாலை அடைத்து, தரையில் 25 மில்லிமீட்டர் உயரத்துக்குத் தண்ணீர் நிறுத்தி, சுவரில் கோடு போட்டு, 24 மணி நேரம் காத்திருக்க வேண்டும். ஒன்றரை மீட்டர் சதுர அறைக்கு வேண்டியது ஏறத்தாழ 56 லிட்டர். நான்கு வாளிக்கும் குறைவு. மாடிக் குளியலறை என்றால் கீழ்க்கூரையில் ஈரம் தெரிகிறதா என்று பார்த்துவிடலாம். கீழ்த்தளத்தில் அந்த வசதி இல்லை, அடியில் மண்தான். ஆகவே பக்கத்திலேயே ஓர் அகலப் பாத்திரத்தில் அதே உயரத்துக்குத் தண்ணீர் வையுங்கள். மறுநாள் பாத்திரத்தில் குறைந்தது ஆவியானது. தரையில் அதைவிடக் கூடுதலாகக் குறைந்திருந்தால் ஒழுக்கு. ஒரு நாள் வேலை தள்ளிப்போகிறதே என்று குத்தகையாளர் முனகினாலும் இந்தச் சோதனையை விட்டுக்கொடுக்கக் கூடாது.

டொராண்டோ பேஸ்மெண்டுக்கு மட்டும் இன்னும் ஒரு தொல்லை. ஆழத்தில் இருப்பதால் அந்த வடிகால்தான் தெருக் கழிவுக் குழாய்க்கு மிக அருகில் திறந்திருக்கும் வாய். 2013 ஜூலை 8 அன்று அந்நகர விமான நிலையத்தில் ஒரே நாளில் 126 மில்லிமீட்டர் மழை பெய்தது. நிரம்பி வழிந்த குழாய்களிலிருந்து தண்ணீர் பேஸ்மெண்டுகளுக்குள் திரும்பி ஏறியது. நீர்ப்பூட்டு காற்றைத் தடுக்கும். எதிரேறி வரும் வெள்ளத்தை அதனால் தடுக்க முடியாது. அதற்கு ஒருவழித் தடுப்பிதழ் ஒன்று வைக்கிறார்கள். வீட்டிலிருந்து வெளியே போகும் தண்ணீருக்கு அது விலகும். வெளியிலிருந்து உள்ளே வந்தால் தானே மூடிக்கொள்ளும். தெருக் குழாயைவிடக் கீழே குளியலறை இருந்தால் புவியீர்ப்பும் கைவிட்டுவிடும். அப்போது தொட்டியில் தேக்கிப் பம்பு வைத்துத்தான் மேலே ஏற்ற வேண்டும்.

மலாக்காவில் மழைநீருக்குத் தனி வழி, கழிவுநீருக்குத் தனி வழி. மழை, நாம் லொங்காங் என்று சொல்லும் திறந்த கால்வாயில் ஓடுகிறது. பழைய வீடுகளில் குளித்த தண்ணீரும் அதிலேயே போய்விடும். கழிப்பறை மட்டும் செப்டிக் டேங்குக்குப் போகும். புதிய வீடமைப்புப் பகுதிகளில் குளியல் நீரும் கழிவுநீர்க் குழாயில்தான் சேர வேண்டும். ஆகவே பழைய வீட்டில் புதிய குளியலறை கட்டுபவர் தோண்டும் முன் கேட்க வேண்டிய கேள்வி, “எங்கே போய்ச் சேரப்போகிறது?” என்பதே. 6 மீட்டர் தூரத்துக்கு 50க்கு 1 சரிவு என்றால் குழாய் 12 சென்டிமீட்டர் இறங்கும். மேன்ஹோலில் குழாய் சேரும் வாய் அதற்குக் கீழே இருக்கிறதா என்று முதலில் அளந்துவிட்டுத்தான் ரம்பத்தை எடுக்க வேண்டும்.

வீட்டுக்குள்ளே தண்ணீரை வரவேற்று அனுப்பும் கலை மலாக்காவுக்குப் பழையது. ஹீரன் தெருவின் 8ஆம் எண் வீடு 18ஆம் நூற்றாண்டு டச்சுக் காலத்தது. மரபுரிமைக் காப்பு அமைப்பான பாடான் வாரிசான் மலேசியா அதைச் சீரமைத்துப் பார்வைக்குத் திறந்தது. அதைப் போன்ற கடைவீடுகளில் நடுவே கூரை திறந்த முற்றம் உண்டு. மழை நேராக வீட்டுக்குள் பெய்யும். சுற்றுக்கூரையும் சேர்த்து 40 சதுர மீட்டர் பரப்பில் ஒரு மணி நேரத்தில் 50 மில்லிமீட்டர் மழை விழுந்தால், அந்த முற்றம் 2,000 லிட்டரை வெளியேற்றியாக வேண்டும். ஒரு படி தாழ்த்திய தரை, மெல்லிய சரிவு, மூலையில் ஒரு வாய். இதற்கும் 4,000 ஆண்டுகளுக்கு மேல் முன்னால், மொகஞ்சதாரோவில் இடைவெளி தெரியாமல் செங்கல் அடுக்கிய குளியலறைத் தரைகள் இதேபோல் ஒரு மூலைக்குச் சரிந்து தெரு வடிகாலில் கலந்தன. கீழடியிலும் சுடுமண் குழாய்கள் கிடைத்திருக்கின்றன. சரிவை மனிதன் எப்போதோ கற்றுவிட்டான். வளைவைக் கற்கத்தான் அவனுக்கு 1775 வரை ஆயிற்று.

ஏன் அவ்வளவு காலம்? மலாக்காத் தோட்டங்களே பதில் சொல்கின்றன. 1896இல் டான் சாய் யான் புக்கிட் லிந்தாங்கில் ரப்பர் நட்டார். பிறகு ஆசகானில் பெருந்தோட்டம் எழுந்தது. தோட்டங்களுக்கு வந்த தமிழர்கள் லயத்து வீடுகளில் வாழ்ந்தார்கள். குளியல் பொதுக் குழாயடியில், சிமெண்டுத் தளத்தில், திறந்த வெளியில். தண்ணீர் திறந்த கால்வாயில் ஓடி மரங்களுக்கு இடையே மறைந்தது. அங்கே நச்சுக்காற்று சேர ஓர் அறையே இல்லை, வானமே காற்றுக்குழாய். நீர்ப்பூட்டு யாருக்கும் தேவைப்படவில்லை. தோட்டத்தை விட்டுத் தாமானுக்கு வந்து, குளியல் நான்கு சுவருக்குள் நுழைந்து, கால்வாய் மூடிய குழாயானபோதுதான் நம் வீடுகளுக்கு இந்த வளைவு கட்டாயமானது. அன்று குழாயடியில் குளித்து வளர்ந்தவர்களுக்காகத்தான் இன்று பல வீடுகளில் கீழ்த்தளம் உடைபடுகிறது.

அவர்களுக்காகக் கட்டும் அறையில் ஒரு மாற்றம் செய்யலாம். வழக்கமாகத் தண்ணீர் வெளியே வராமலிருக்க வாசலில் ஒரு சிறு திட்டு வைப்பார்கள். தள்ளாடும் காலுக்கு அதுவே இடறு. சக்கர நாற்காலிக்கு அதுவே சுவர். நடுவில் வட்ட வடிகால் வைத்தால் தரை நாலாபக்கமும் அதை நோக்கிச் சரிய வேண்டும். பெரிய டைல் அப்படி வளையாது. குறுக்கே வெட்டித்தான் ஒட்டியாக வேண்டும். வாசலுக்கு எதிர்ச் சுவரோரமாக நீள வடிகால் ஒன்றைப் பதித்தால் தரை முழுவதும் ஒரே பக்கமாகச் சரிந்தால் போதும். ஒன்றரை மீட்டருக்கு 50க்கு 1 என்றால் இறக்கம் 3 சென்டிமீட்டர்; காலுக்குத் தெரியாது, தண்ணீருக்குத் தெரியும். அந்த 3 சென்டிமீட்டரை முன்கூட்டியே கணக்கிட்டு, பழைய கான்கிரீட்டை அவ்வளவு தாழ்த்தி வெட்டச் சொல்லிவிட்டால் வாசலில் திட்டே வேண்டியதில்லை. வீட்டுத் தரையும் குளியலறைத் தரையும் ஒரே மட்டத்தில் சந்திக்கும். ரம்பம் இறங்கிய பிறகு சொன்னால் மறுபடியும் உடைக்க வேண்டியிருக்கும்.